எம்பொண்ணை எங்கே வெச்சிருக்கே?

அம்மா அன்றைக்கு "வாங்க" என்றாள்.

ஐப்பசி அடைமழை ஒருநாள் ஓய்ந்திருந்த சாயங்காலம் அது. தாட்சாயிணி எருமைகளைக் கொட்டகையில் கட்டிவிட்டு, கால் சேற்றைக் கழுவிக்கொண்டு, பின்வாசலில் குனிந்து உள்ளே வந்தாள். ஈர வைக்கோலும் சாணமும் அடுப்புப் புகையுமாக, கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தாலும் தன் வீடு என்று சொல்லிவிடக்கூடிய வாசனை. அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்த பூங்காவனம் நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்க. குந்துங்க. எம்பொண்ணு மாட்டக் கட்டப் போயிருக்கா. தோ வந்துடுவா."

தாட்சாயிணி சிரித்தாள். பிறந்ததிலிருந்து அவள் கேட்டதெல்லாம் 'வாடி', 'போடி', 'எங்கடி போய்த் தொலைஞ்சே'தான். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தாள்.

"இன்னாம்மா புதுசா மரியாதையெல்லாம்?"

பூங்காவனம் சிரிக்கவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள். "குடிங்க. ரொம்ப தூரத்திலிருந்து வரீங்களா?"

தாட்சாயிணி செம்பை வாங்கிக்கொண்டாள். குடிக்கத் தோன்றவில்லை. அடுப்பில் விறகு வெடித்தது. அம்மா பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் யாரோ வரவேண்டும் என்பதுபோல.

மறுநாள் காலையில், "எழுந்திரிடி, எருமை கத்துது காதுல உழல?" என்று அதட்டல் வந்தபோது தாட்சாயிணிக்கு உயிர் வந்தது. நேற்று நடந்தது அசதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அசதிக்குக் காரணமும் இருந்தது. சேக்காட்டில் அவர்களுடைய நிலத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஆவடிப் பக்கம் முழுக்க ஒரே முள்கம்பியும் தகரக் கொட்டகையுமாக ஆகிவிட்டது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிராமங்களுக்கு ஓடிவந்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கோ ஓடிப்போக வேறு ஊர் இல்லை. பொழுது சாய்ந்தால் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. பூங்காவனம் பழக்கதோஷத்தில் வயலுக்குக் கிளம்பிப் போய், கம்பி வேலிக்கு முன்னால் நின்றுகொண்டு, "எங்க வரப்பு எங்கப்பா?" என்று சிப்பாயைக் கேட்டாள் என்றபோது ஊரே அவளுக்காக அழுதது. குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டபோதும், எருமைக்கு வைத்த தவிட்டுத் தண்ணீரைத் தானே குடித்தபோதும், "நெலம் போன ஏக்கம்" என்றார்கள். தாட்சாயிணியும் அப்படித்தான் நம்பினாள்.

அவளுக்கு ஆறு வயதாகும்போது அப்பா வாந்திபேதியில் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த நிலத்தில் ஏர் பிடித்தவள் பூங்காவனம். ஆம்பிளை இல்லாத வீடு என்று ஒருத்தன் வாய் திறக்கவிடவில்லை. தாட்சாயிணியை நூம்பலில் கட்டிக்கொடுத்து, பன்னிரண்டு வருஷம் பிள்ளை இல்லாமல், புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது, யாரும் சொல்லியனுப்பாமலே ஒரு நாள் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. பூங்காவனம் இறங்கவே இல்லை. நுகத்தடிக்குப் பின்னாலிருந்தே, "தாட்சாயிணி, ஏறுடி. எம்பொண்ணு எனக்கு பாரமில்ல" என்றாள். வழியெல்லாம் வேறொரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் அதைப் பற்றிப் பேசியதில்லை. தாட்சாயிணிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

'வாங்க' மறுபடியும் வந்தது. முதலில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருதரம். பிறகு தினமும், விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாக. பகலெல்லாம் அம்மா அம்மாவாகவே இருப்பாள், கொஞ்சம் மறதியோடு. பொழுது இறங்கும். கொட்டகைக் கூரையிலிருந்து நிழல் நீண்டு முற்றத்தைத் தாண்டும். அப்போது அவள் முகத்தில் ஏதோ ஒன்று நகரும். எழுந்து வீட்டுக்குள்ளே நடப்பாள். அரிசிப் பானை மூடி திறக்கும் சத்தம். மூடும் சத்தம். பெட்டியின் கீல் முனகும். அப்புறம் நெற்குதிர்.

குதிர்தான் தாட்சாயிணிக்குப் பயமாக இருந்தது. ஆள் உயரத்துக்கு மண்ணால் செய்த குதிர். நிலம் போனபிறகு அதற்குள் நெல் இல்லை. பூங்காவனம் முக்காலி போட்டு ஏறி, அதன் வாய்க்குள் தலையை விட்டு, உள்ளே கூப்பிடுவாள்: "தாட்சாயிணீ..." வெற்றுக் குதிருக்குள் அந்தப் பெயர் சுற்றிச் சுற்றி உருண்டு, வேறு யாருடைய குரலாகவோ மேலே ஏறிவரும். அவள் காதை வைத்துக் கேட்பாள். ரொம்ப நேரம் கேட்பாள். "நான் இங்க கீறேம்மா" என்று தாட்சாயிணி பின்னாலிருந்து சொன்னால், திரும்பாமலே, உதட்டில் விரல் வைத்து, "உஷ்" என்பாள்.

சித்தப்பா மகன் லோகநாதன் பக்கத்து வீடு. பட்டாளத்துக்கு வண்டி ஓட்டுகிறவன். நல்லவன்தான், ஆனால் எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் அவனுக்கு. குதிருக்குள் கூப்பிடுவதை ஒருநாள் கேட்டுவிட்டு, மறுநாளே ஒரு பூசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"பெரிம்மாவ எதுவோ புடிச்சிகினு கீது, தாட்சாயிணி. ஏரிக்கரைப் பக்கம் போனாங்க இல்ல? வேற இன்னா சொல்ற இதுக்கு?"

முற்றத்தில் உட்காரவைத்தார்கள். உடுக்கை. சாம்பிராணிப் புகை. பூசாரி "யார் நீ? சொல்லு!" என்று வேப்பங்கொத்தால் அடித்தான். பூங்காவனம் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அவளுக்கு அது தெரியவில்லை. இரண்டாவது அடி முகத்தில் விழுந்தபோதுதான், சின்னப்பிள்ளைபோல இரண்டு கையையும் தூக்கி மறைத்துக்கொண்டு அலறினாள்.

"தாட்சாயிணி! அடிக்கிறாங்கடி! வாடி, என்ன அடிக்கிறாங்கடி!"

தாட்சாயிணி அவளுக்கு எதிரில்தான் நின்றிருந்தாள். எட்டினால் தொடும் தூரம். அம்மாவின் கண்கள் அவளைத் தாண்டி வாசலைத் தேடின.

கொத்தைப் பிடுங்கி எறிந்து பூசாரியை விரட்டினாள். அன்று ராத்திரி அம்மாவின் கன்னத்துக் கீறலுக்கு மஞ்சள் வைக்கும்போது, பூங்காவனம் முகத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டே, "நீங்க ரொம்ப நல்லவங்க" என்றாள்.

பூந்தமல்லிக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணை விரித்துப் பார்த்தார். "வயசாயிடுச்சும்மா. அதுக்கு மருந்து ஏது?" என்றார். திரும்பும்போது லோகநாதன் மெதுவாக ஆரம்பித்தான்: பட்டணத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே சேர்த்துவிட்டால் சங்கிலி போட்டாவது பார்த்துக்கொள்வார்கள்.

"அண்ணாத்தே, அந்தப் பேச்சு வேணாம்."

"ராவுல ஒனக்கு எதுனா ஆச்சுன்னா?"

"எங்கம்மா எனக்கு பாரமில்ல."

வழியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வண்டியை நிறுத்தியபோதுதான் ரசூல் பீவி வந்தாள். பூந்தமல்லியில் பாதிப் பேரைக் கையில் வாங்கிய மருத்துவச்சி; தாட்சாயிணியையும் அவள்தான் எடுத்தாள் என்று அம்மா சொல்வாள். பூங்காவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேச்சுக்கொடுத்தாள். பிறகு தாட்சாயிணியைத் தனியே கூப்பிட்டாள்.

"எங்க மாமியாருக்கும் இப்படித்தான் வந்துச்சும்மா. பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. வயசானவங்க சில பேருக்கு வர்ற நோவு. புதுசா நடந்தது மொதல்ல போவும், அப்புறம் பழசும் போவும். எதுத்துப் பேசாதே. அவங்க எந்தக் காலத்துல கீறாங்களோ அங்க நீ போ. தனியா மட்டும் வுட்டுடாதே."

"திரும்பி வருவாங்களாம்மா?"

ரசூல் பீவி அவள் தலையைத் தடவினாள்.

அன்றிலிருந்து தாட்சாயிணி தினமும் சாயங்காலம் தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தாள். பின்வாசலில் நின்று, "ஊட்ல யாருங்க?" என்று கேட்பாள். "வாங்க, குந்துங்க" என்பாள் அம்மா. கறுப்புத் துணி மறைத்த அறையில், ஒற்றை அகலுக்கு இருபுறமும் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"எனக்கு ஒரே பொண்ணு. பேரு தாட்சாயிணி. ஆறு வயசு. அவ அப்பா போனப்ப நானும் கெணத்துல உழுந்துடலாம்னு தான் போனேன். பின்னாடியே வந்து பொடவையப் புடிச்சிகினா. அந்தக் கைதான் என்னை இன்னிக்கி வரைக்கும் புடிச்சிகினு கீது." அம்மா சிரிப்பாள். "இதெல்லாம் அவகிட்ட சொல்லிடாதீங்க. திமிரு ஏறிடும்."

நாற்பது வயதுப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லல" என்பாள். வாழ்நாளில் நேராகக் கேட்காததையெல்லாம் அப்படி அந்நியமாக உட்கார்ந்து கேட்டாள். அந்தச் சாயங்காலங்களுக்காக அவள் ஏங்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு ஒருநாள், பேச்சின் நடுவில், அம்மா நிறுத்தினாள். அகலைக் கையில் எடுத்தாள். தாட்சாயிணியின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகப் பார்த்தாள். எண்ணெய் வாசனை. சூடு. அம்மாவின் மூச்சு.

"எம்பொண்ணு மூஞ்சி ஒனக்கு எப்படி வந்துச்சி?"

தாட்சாயிணி அகலின் சூட்டிலிருந்து முகத்தை விலக்கினாள்.

"அவள எங்கே வெச்சிருக்கே?"

கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்கமுடியவில்லை. 'நீங்க' போய்விட்டிருந்தது, 'டி' திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு பூங்காவனம் அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்தினாள். தட்டை வைத்துவிட்டு அவள் வெளியே போனால்தான் சோறு இறங்கும். சாயங்காலங்களில் சுவரோரம் முதுகைப் பதித்து உட்கார்ந்து, இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள். தாட்சாயிணி அடுப்பை ஊதினால், பார்வை. தண்ணீர் மொண்டால், பார்வை. முதுகில் ஈரத்துணி போட்டதுபோல அது ஒட்டிக்கொண்டே வந்தது. தாட்சாயிணி அரிவாள்மனையை லோகநாதன் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். எதற்கு என்று அவன் கேட்டபோது, "சாணை புடிக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

கார்த்திகையில் தாட்சாயிணிக்கே ஜுரம் வந்தது. மத்தியானம் பாயில் விழுந்தவள் பொழுது சாய்ந்ததுகூடத் தெரியாமல் தூங்கிப்போனாள். ஏதோ ஊர்வதுபோல இருந்து விழித்தாள். விளக்கு இல்லை. காதுக்குப் பின்னால், தாடை தொடங்கும் இடத்தில், ஒரு நகம். மெதுவாக, ரொம்ப மெதுவாக, கீழே இறங்கியது. தாடையோரமாக மோவாய் வரை வந்தது. நின்றது. மறுபக்கம் ஏறியது.

அம்மா தலைமாட்டில் குந்தியிருந்தாள்.

ஓரம் தேடிக்கொண்டிருந்தாள். உரிப்பதற்கு.

தாட்சாயிணி அசையவில்லை. மூச்சுவிடவில்லை. இருட்டில் அம்மாவின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது, முள் எடுக்கும்போது குழந்தைக்குச் சொல்லும் அதே இதத்தில்: "இரு கண்ணு, இரு. அம்மா எடுத்துடறேன். உள்ளதானே கீறே? தோ எடுத்துடறேன்."

மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டியில் தன் முகத்தைப் பார்த்தாள். நரை. கண்ணுக்குக் கீழே பை. எப்போது வந்தது இந்த முகம்? அவளையும் அறியாமல் கை போயிற்று. காதுக்குப் பின்னால் விரல் எதையோ தேடியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, தண்ணீரைக் கலக்கிவிட்டாள்.

தீபத்தன்று ஊரில் ஒரு விளக்குகூட வெளியே ஏற்றவில்லை. கார்த்திகை மாதம் இருட்டில் கிடந்து யாரும் பார்த்ததில்லை. தாட்சாயிணி முன்கட்டு ஜன்னலுக்குக் கறுப்புத் துணியைச் சொருகிக்கொண்டிருந்தாள். ஒரு முனை நழுவியது. மறுபடியும் சொருகினாள். அவ்வளவு நேரம்தான். திரும்பிப் பார்த்தபோது சுவரோரம் காலி. பின்வாசல் திறந்திருந்தது.

குதிருக்குள் பார்த்தாள். கொட்டகையில் பார்த்தாள். எருமைகள் காதை விறைத்துக்கொண்டு ஒரே திசையில் நின்றன. ஏரிப் பக்கம்.

ஓடினாள். மேற்கே கடைசிச் சிவப்பும் அவிந்துகொண்டிருந்தது; பௌர்ணமி நிலாவை மழைமேகம் மூடியிருந்தது. கரைமேல் ஏறும்போது சேறு காலை உறிஞ்சியது. நாணலும் பாசியும் அழுகிய நாற்றம் மூக்கில் ஏறியது. தூரத்தில் பட்டாளத்து லாரி ஒன்று விளக்கை மறைத்துக்கொண்டு உறுமிப் போனது. அதுவும் அடங்கிய பிறகு, தவளைகூடக் கத்தாத அமைதியில், தண்ணீரின் மேலாக அந்தக் கூப்பாடு வந்தது.

"தாட்சாயிணீ..."

மழைக்கு ஏரி தளும்ப நிறைந்திருந்தது. மதகுக்கு அப்பால், இடுப்பளவுத் தண்ணீரில், அம்மா.

"யம்மா! நான் இங்க கீறேன்! வாம்மா!"

அம்மா திரும்பிப் பார்த்தாள். கரையில் நிற்கும் உருவத்தைப் பார்த்தாள். விலகினாள், உள்பக்கமாக. மார்பளவு.

"யம்மா, நான்தாம்மா!"

இன்னும் உள்ளே.

தாட்சாயிணி கூப்பிடுவதை நிறுத்தினாள். சத்தமில்லாமல் தண்ணீரில் கால் வைத்தாள். சளக் என்றது. அம்மா மிரண்டு இன்னும் தள்ளிப்போனாள். தோள் மறைந்தது. நீச்சல் இருவருக்கும் தெரியாது. ஊர் தூரம். கத்தினால் போவாள். இறங்கினால் போவாள். ஆள் கூட்டிவர ஓடினால், திரும்பி வரும்போது இருக்கமாட்டாள்.

"தாட்சாயிணீ, எங்கடி கீறே? அம்மா வந்துட்டேன்டி!"

எந்தக் காலத்தில் இருக்கிறாளோ, அங்கே நீ போ.

தாட்சாயிணி நாணல் மறைவில் குந்தினாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக. பிறகு, தொண்டைக்குள்ளே எங்கோ முப்பத்திநாலு வருஷம் கிடந்ததைத் தேடி எடுத்து, கூப்பிட்டாள்.

"யம்மா... பசிக்குதும்மா."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு அது கரையை நோக்கி வந்தது. விழுந்து எழுந்து, இருமிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. "தோ வந்துட்டேன். ஏன்டி இருட்டுல குந்திகினு கீறே? என் கண்ணு, என் ராசாத்தி." ஈரக் கை தலையில் விழுந்தது. முந்தானைக்கு மேலே முத்தம். நடுங்கும் உடம்பு முழுதும் அவளைக் கட்டிக்கொண்டது. தாட்சாயிணி முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். இப்படியே. இப்படியே எழுப்பி, முகம் காட்டாமல், கையைப் பிடித்து வீடுவரை.

அம்மாவின் கை முந்தானைக்குள் நுழைந்தது. கூந்தலைத் தடவியது. கன்னம். பெரிய கன்னம். தாடை.

கை நின்றது.

"கொரலையும் எடுத்துகினியா?"

கிசுகிசுப்பு. அப்புறம் அம்மா செய்த காரியத்தைத் தாட்சாயிணியால் பொறுக்க முடியவில்லை. வயசான தாய், சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, மகளின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். "குடுத்துடு தாயி. சின்னப் புள்ள. அப்பன் இல்லாத புள்ள. என்னை எடுத்துக்கோ. அவள வுட்டுடு."

"யம்மா, எழுந்திரும்மா! யம்மா!" இரண்டு கையாலும் வாரி அணைத்தாள். அம்மா திமிறினாள். எலும்பும் தோலுமான உடம்பில் எங்கிருந்து வந்தது அவ்வளவு பலம்? வழுக்கியது. ஈரப் புடவை உருவி கையோடு வந்தது. அம்மா இல்லை.

சளக். சளக். சளக்.

தாட்சாயிணி பின்னாலேயே பாய்ந்தாள். சேறு முழங்கால்வரை பிடித்துக்கொண்டது. பிடுங்கினாள். வரவில்லை. கூப்பிட வாய் திறந்தாள். கூப்பிட்டால் போய்விடுவாளே என்று கையால் பொத்திக்கொண்டாள். அம்மாவின் தலை மட்டும் தெரிந்தது, கறுப்புத் தண்ணீரில் வெள்ளையாக. அது தயங்கி நின்றது. போகலாமா, திரும்பலாமா என்று நின்றது. திரும்பிவிடும். ஒரு நிமிஷம் விட்டால் திரும்பிவிடும்.

அப்போது ஏரியின் நடுவிலிருந்து கேட்டது.

"யம்மா... பசிக்குதும்மா."

சின்னக் குரல். ஆறு வயசுக் குரல். தாட்சாயிணியின் குரல்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் சிரித்துத் தாட்சாயிணி கேட்டதே இல்லை. "தோ வரேன்டி" என்றாள். வெள்ளை நகர்ந்தது. சிறுத்தது. தண்ணீர் மூடிக்கொண்டது.

தாட்சாயிணி தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். கை பொத்தியபடியே இருந்தது. உதடு மூடியிருந்தது.

ஏரி நடுவில், இருட்டில், ஒரு குழந்தை சோறு தின்னும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.